கிருபாநிதி டாக்டர் மறுபடி படித்தது

வேம்பார் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கிருபாநிதி ஒரு சட்டம் வைத்திருந்தார். குடித்துவிட்டு வருகிறவனுக்கு ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. வசவு மட்டும் உண்டு. கீழவைப்பாரில் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் ஜேசுபாதம் ஒருமுறை சாராய வாடையோடு காதைப் பொத்திக்கொண்டு வந்தபோது, "குடியை விட்டுட்டு வாரும்" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். ஊரும் அதைச் சரியென்றே சொன்னது.

எழுபத்து நாலில், சாராயக் கடைகளை மூடப்போகிறார்கள் என்றானதும், கிராமத்து டாக்டர்கள் சிலரை மதுரைக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. கிருபாநிதி முணுமுணுத்துக்கொண்டேதான் பஸ் ஏறினார். குடிகாரனைத் திருத்தப் பாதிரியார் போதாதா, டாக்டர் எதற்கு?

பாடம் நடத்திய பெண் மருத்துவர் முதல் நாளே அவரை ஒரு கட்டிலருகே உட்காரவைத்தார். "புத்தி சொல்லாதீங்க சார். கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க."

கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வேர்த்துக் கொட்ட, போர்வையில் இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். பல வருடக் குடியை மூன்று நாளைக்கு முன் தானாகவே நிறுத்தியவராம். குடித்துப் பழகின உடம்பிலிருந்து அதைச் சட்டென்று பிடுங்கினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்பது அன்றுதான் கிருபாநிதிக்கு உறைத்தது. எத்தனை பேரிடம் "இன்னைக்கே நிறுத்து" என்று சொல்லியிருப்போம்!

அவர் ஊர் திரும்பியபின், கடைகள் மூடிய மூன்றாம் நாள் காலை, ஜேசுபாதத்தை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கைகால் கயிற்றால் கட்டியிருந்தது. "சுறா வருதுலே, ஏறுங்கலே!" என்று அலறினார்.

"பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லுதாவ டாக்டரய்யா," என்றாள் மனைவி விக்டோரியா. "ரெண்டு தடவ வலிப்பு வந்துட்டு. துரத்திராதீய."

"பேயில்லம்மா. கட்டை அவுத்துவிடுங்க."

"அடிச்சிருவான்யா!" என்றார் வண்டிக்காரர்.

கிருபாநிதியே குனிந்து முடிச்சை அவிழ்த்தார். வலிப்புக்கு ஒரு ஊசி, வைட்டமினுக்கு ஒரு ஊசி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜேசுபாதம் திமிறும்போதெல்லாம், "இது ஆஸ்பத்திரி. நான் டாக்டர். விக்டோரியா இங்கனதான் இருக்கா" என்று சொன்னதையே சொன்னார்.

நாலாம் நாள் ஜேசுபாதத்துக்குக் கண் தெளிந்தது. "நான் முன்னாலயும் வந்தேன்யா. துரத்துனீயளே."

"ஆமா. தப்பு என்னுதுதான்," என்றார் கிருபாநிதி. "எதுக்குக் குடிக்கீரு?"

"முங்கி ஏறுனா காது ரெண்டும் குத்தும். குடிச்சாத்தான் உறக்கம்."

விளக்கை வைத்துப் பார்த்தார். இரண்டு காதும் உள்ளே சீழ் பிடித்துக் கிடந்தன. இத்தனை வருடத்தில் யாரும் அதற்குள் பார்த்ததில்லை.

காது ஆறியது. கடலில் இறங்க வேண்டாமென்றதும் ஜேசுபாதம் வலை பின்னப் போனார். ஆனால் கிறிஸ்மஸ் கழிந்து, வாரம் தவறாமல் வந்தவர் திடீரென்று நின்றுபோனார். கிருபாநிதி சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழவைப்பாருக்கே போனார். படகு மறைவில் உட்கார்ந்திருந்தார் ஜேசுபாதம்.

"மறுபடி குடிச்சிட்டேன்யா. கள்ளச்சாராயம். உங்க மூஞ்சில முழிக்க வெக்கமாயிருக்கு."

பழைய கிருபாநிதியாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பார். இவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். "எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு."

"ரெண்டு நாள்தான? வாரும், போவோம்."

ஜேசுபாதம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை சறுக்கினார். இரண்டு தடவையும், யாரும் கூப்பிடாமல், தானாகவே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றார்.