சிவப்பு அட்டை

சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி முதல் வரிசை ஓரத்தில் நின்ற தற்காலிக விரிவுரையாளருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அட்டையில் 'முடிக்கவும்' என்று கொட்டை எழுத்து. மேடையிலிருந்த பேச்சாளர் அதைப் பார்த்தார், புன்னகைத்தார், தொடர்ந்து பேசினார்.

பல்கலைக்கழகத்தில் மாணவர் வழிகாட்டல் மாநாடு. சிறப்புப் பேச்சாளர்கள் மூன்று பேர். முதலாமவரே மைக்கை விடுகிற வழியாக இல்லை. காத்திருந்த இருவரில் ஒருவர் கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்தார். இன்னொருவர் அந்தச் சிரமமும் படவில்லை.

"மாணவன் வாயத் திறக்கறப்ப நாம வாய மூடணும்! அதுதான் வழிகாட்டல்!" என்றார் பேச்சாளர், மறுபடியும்.

அட்டை பிடித்து நின்றவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் அவளிடம் படிக்கும் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், அம்மா என் படிப்ப நிறுத்தப் போறாங்க. தையல் கம்பெனில இன்னைக்கே சேக்கறாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க மிஸ்."

"முதல் ஆள் முடிச்சதும் வந்துடறேன். போயிடாதடி," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். இப்போது கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தாயும் மகளும் நின்றார்கள். தாயின் கண் கம்பெனி வேன் வரும் பாதையிலேயே இருந்தது.

மெல்ல நழுவி, துறைத் தலைவரின் காதருகே குனிந்தாள். "சார், வெளிய போயிட்டு உடனே வந்துடறேன். ஒரு பொண்ணோட படிப்பு நிக்கப் போகுது."

"அட்டைய நானா பிடிக்கறது? அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை வேணுமா வேணாமா? இவர மொதல்ல எறக்குங்கம்மா. அப்புறம் எங்க வேணா போங்க."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடை விளிம்புக்குப் போய், அட்டையைப் பேச்சாளரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! பெரிய மனுஷன்னு பாக்காம முகத்துக்கு நேரா சொல்றாங்க! வழிகாட்டிக்கு இந்தத் துணிச்சல்தான் வேணும். மேல வாங்கம்மா!"

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்த அரங்கம் மனதாரக் கைதட்டியது.

"ஐயோ வேணாம் சார், எனக்கு அவசரமா..."

"என்ன அடக்கம் பாருங்க!"

கீழிருந்து துறைத் தலைவர் "ஏறுங்க, ஏறுங்க" என்று கையை ஆட்டினார். ஏறினாள். பேச்சாளர் அவளைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, புது உற்சாகத்தோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். "இவங்ககிட்ட படிக்கற பிள்ளைங்க குடுத்துவச்சவங்க!"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. தாய் மகளின் கையைப் பிடித்து இழுப்பது மேடையிலிருந்து நன்றாகவே தெரிந்தது. அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள். மேடையில் தன் மிஸ்! அவள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. தாயைத் திருப்பி, விரலால் சுட்டிக் காட்டினாள். இருவரும் சேர்ந்து கைதட்டினார்கள். பிறகு கண்ணாடியில் யாரும் இல்லை.

புகைப்படக்காரர் மேடைக்குக் கீழே வந்து மண்டியிட்டார்.

"மேடம், கொஞ்சம் சிரிங்க. அட்டைய எழுத்து தெரியற மாதிரி பிடிங்க."

பிடித்தாள்.