சுழி போட்ட பெட்டிகள்

ஐஸ் அரங்கில் சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கத்தி தீட்டுவது யோகேந்திரனின் வேலை. அங்கே தரை துடைத்த வியோரெல், மோல்டோவாவில் ஹொக்கிப் பயிற்றுநராக இருந்தவன். அவன் ஊரில் பதினாறு பிள்ளைகளுக்கு நாலே நாலு சோடிச் சப்பாத்து. உறைந்த குளத்தில் மாறி மாறிப் போட்டு விளையாடினார்கள். பெப்ரவரிப் போட்டிக்கு முழு அணியாக வந்தால்தான் ஹொக்கிச் சங்கத்தில் இடமாம். இல்லாவிட்டால் அந்த ஊரில் ஹொக்கி அத்தோடு சரி.

இரண்டு வருடமாக வீடு வீடாகக் கேட்டு வியோரெல் பழைய சப்பாத்து சேர்த்தான். யோகேந்திரன் எல்லாவற்றையும் தீட்டிக் கொடுத்தான். வியோரெலுக்கு இருந்தது ஒற்றை அறை. அதனால் சப்பாத்து நிரப்பிய ஆறு பெட்டிகளும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் யோகேந்திரன் வீட்டு நடையில் ஏறின. சனிக்கிழமை விமானத்தில் அனுப்புவதாக ஏற்பாடு; விலாசத்தைப் பிறகு ஒட்டலாம் என்று விட்டார்கள். ஆனால் யோகேந்திரனின் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கரால் பிள்ளையார் சுழி போட்டது.

"இது என்ன?" என்று வியோரெல் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டான்.

"தடங்கல் இல்லாமல் போய்ச் சேர."

அது சுனாமிக்கு அடுத்த மாதம். கோயிலில் கொழும்புக்குக் கொண்டெய்னர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். யோகேந்திரனின் மனைவி ஞானாம்பிகையும் உடுப்புப் பெட்டிகள் கட்டி, சுழி போட்டு, அதே நடையில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவன் வேலை முடிந்து வந்தால் நடை வெறுமையாகக் கிடந்தது.

"பெட்டியள் எங்கை?"

"கோயிலாலை சிவநேசம் அண்ணை வந்தவர். சுழி போட்டதெல்லாம் எங்கடைதானே எண்டு குடுத்து விட்டன். ஏனப்பா, பிழையே?"

"ஐயோ, அது வியோரெலின்ரை!"

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவநேசத்துக்குப் போன் அடித்தான். கொண்டெய்னர் சீல் வைத்து மத்தியானமே துறைமுகத்துக்குப் போய்விட்டது.

போய்ச் சொன்னபோது வியோரெல் நாலு வார்த்தை ஏசியிருந்தால் யோகேந்திரனுக்கு மனம் ஆறியிருக்கும். படுபாவி, கதிரையில் இருந்து தன் கைகளையே பார்த்தான்.

"அங்கே ஐஸ் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லை," என்றான் யோகேந்திரன்.

மார்ச்சில் வியோரெலுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அணியைச் சேர்க்கவில்லை. குளமும் உருகிவிட்டது. பிள்ளைகள் உதைபந்துக்குப் போய்விட்டார்கள். ஒருத்தன் மட்டும் சப்பாத்து எப்போது வரும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.

அந்த ஒருத்தனுக்காக யோகேந்திரன் புதுச் சோடி வாங்கி, தீட்டி, பெட்டியில் வைத்து ஒட்டினான். பழக்கதோஷம், கை மார்க்கரைத் தேடியது.

வியோரெல் அதை முந்தி எடுத்துக்கொண்டான். கோபமாக அல்ல. விலாசத்தைத் தானே எழுதி, பெட்டியை அணைத்துக்கொண்டு, தன் ஒற்றை அறைக்கே கொண்டுபோனான்.