ரெத்னோவின் ஈறுகள்

ஜாவாத் தீவின் வொனோசோபோ மலைக்குளிரில் பல் மருத்துவராக வெகுகாலம் இருந்தாயிற்று. எந்த வாயைப் பார்த்தும் நான் சுலபத்தில் அசந்துபோவதில்லை. ஒன்பது வயது ரெத்னோவின் வாய் அசத்திவிட்டது. முன்பல் ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் வந்தது. ஈறெல்லாம் கரும்பழுப்புத் திட்டுகள். எங்கள் பிள்ளைகளுக்கு ஈறு கொஞ்சம் கறுத்திருப்பது இயல்புதான். ஆனால் போன வருடம் இதே ஈறு இளஞ்சிவப்பாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். தலைமுடியில் வேறு கிராம்புச் சிகரெட் வாடை.

அவள் அம்மா லஸ்மி முடிவே கட்டிவிட்டாள். நடன வகுப்புத் தோழிகள் சேர்ந்து பெண்ணுக்குத் திருட்டுப் புகை பழக்கிவிட்டார்களாம், வகுப்பையும் நிறுத்தியாயிற்று. நானாவது கேட்டு ஒத்துக்கொள்ள வைக்க வேண்டுமாம். அப்பா வர்தோயோவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ரெத்னோ திறந்த வாயோடு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் யார் புகைப்பது என்று கேட்டேன். வர்தோயோதான், ஆனால் வீட்டுக்குள் கிடையாது, லஸ்மி விடமாட்டாள். அப்படியானால் எங்கே? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண் பள்ளிக்கு எப்படிப் போகிறாள் என்றேன். அப்பாவின் காய்கறி வண்டியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.

காத்திருந்தவர்கள் முணுமுணுக்க, வெளியே போய் அந்த வண்டியில் ஏறினேன். மூவரும் பின்னாலேயே வந்தார்கள். கண்ணாடிகள் முழுக்க மூடியிருந்தன. இடுக்கெல்லாம் துணி அடைத்திருந்தது. பஞ்சை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாகிவிட்டது.

"துணி எதுக்குங்க?"

"காத்து உள்ள பூந்துட்டா புள்ளைக்குக் காய்ச்சல் வந்துருமே டாக்டரம்மா. இந்தக் குளிர்ல கண்ணாடியத் தொறக்க மனசு வருமா?"

இந்த ஊரில் எந்தத் தகப்பனும் இதைத்தான் செய்வான். என் அப்பாவும் செய்திருப்பார். அதனால் திட்டத் தோன்றவில்லை.

"காத்த வெளிய நிறுத்திட்டீங்க. உங்க புகைய உள்ளேயே வச்சுப் பூட்டிட்டீங்களே."

பிடிப்பவர் ஈறை மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சுவாசிக்கும் பிள்ளையின் ஈறையும் புகை கெடுக்கும் என்று விளக்கினேன். வர்தோயோ பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். லஸ்மி மகளின் தோளைத் தொட்டு, நாளையிலிருந்து வகுப்புக்குப் போகலாம் என்றாள்.

ரெத்னோ தோளை விலக்கிக்கொண்டாள்.

"நான் பிடிக்கலன்னு சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னீங்க, பண்ணேன். அப்பவும் நம்பலையே."

மூவரும் ஊர் போக அந்த ஒரு வண்டிதான். ரெத்னோ ஏறவில்லை.