கண்ணைப் பொத்திய நெட்டையண்ணா

குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. மஞ்சள் பட்டை வைத்த செருப்பு. அது தன் மகளுடையது என்று பார்த்ததும் அம்மாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, உள்ளே போய், "எங்க என் வாண்டு?" என்று கேட்கும்வரை.

"அவளோட அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார்னு நினைச்சேனே!" என்றார் டீச்சர்.

"அவர் இப்பதான் வெளியில வண்டியை நிறுத்துறார்."

டீச்சரின் முகம் வெளுத்தது. ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டார்.

நாலு வயதுக் குழந்தை. கழிவறை, சமையலறை, மேசைகளுக்கு அடியில், எங்கும் இல்லை. அப்பா தெருவுக்கு ஓடினார். செருப்பில்லாமல் எவ்வளவு தூரம் போயிருப்பாள்? தூக்கிக்கொண்டு போகிறவனுக்குச் செருப்பு எதற்கு என்று தோன்றிய நொடியில் அம்மா கத்தத் தொடங்கினாள்.

"கண்ணு! அம்மா வந்திருக்கேன்! வெளியே வாம்மா!"

கூப்பிட்டுக்கொண்டே விளையாட்டறைக்குள் ஓடினாள்.

அப்போதுதான் மூலையில் நின்ற ரோபோ கண்ணில் பட்டது. மனித உருவம். பெரியவர்களின் இடுப்பைத் தாண்டாது என்றாலும் பிள்ளைகளுக்கு அது நெட்டையண்ணா. "பெத்த அப்பனை வாடா போடாங்கிறா, பிளாஸ்டிக்குக்கு மட்டும் அண்ணாவாம்!" என்று வீட்டில் அப்பா அலுத்துக்கொள்வார்.

ரோபோ இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்தியிருந்தது.

"இது ஏன் இப்படி நிக்குது?"

"சார்ஜ் தீர்ந்து நின்னுடுச்சும்மா. அப்படியே நகர்த்திட்டு வந்து வயரை மாட்டினேன்," என்றார் ஆயா.

"கண்ணாமூச்சி ஆடிட்டிருந்தாங்க..." என்றார் டீச்சர். "மத்தப் பிள்ளைங்க பாதியில வீட்டுக்குப் போயிட்டாங்க."

அம்மா பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். முதுகில் பச்சை விளக்கு எரிந்தது.

"பதினாலு... பதினஞ்சு..."

"எண்ணாதே! எங்க இருக்கா? சொல்லு!" அதன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் கண்ணைப் பொத்தியிருந்தேன். எனக்குத் தெரியாது. பதினாறு..."

பாழாய்ப்போன எண்கள் நகரவே மாட்டேன் என்றன. இருபது வந்தது. ரோபோ கைகளை எடுத்துவிட்டு, உற்சாகமாகக் கத்தியது: "இதோ வர்றேன்!"

எங்கிருந்தோ ஒரு சின்னச் சிரிப்பு. மெல்லிசாக, மூச்சுத் திணறலோடு.

மெத்தை அலமாரி.

"ஐயோ, கதவு திறந்து கிடக்கேன்னு நான்தானே தாழ் போட்டேன்!" ஆயா தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா தாழை இழுத்தாள். மெத்தைகளின் நடுவே வாண்டு. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. தூக்கப்போன கையைத் தள்ளிவிட்டாள்.

"நீ பிடிக்கக் கூடாது. அண்ணாதான் பிடிக்கணும்."

"அம்மா கூப்பிட்டது கேக்கலையா கண்ணு?"

"கேட்டுச்சு. சத்தம் போட்டா நான் அவுட்டு."

ரோபோ வந்து அவள் தோளைத் தொட்டது. "பிடிச்சுட்டேன்!" அதன் பிறகுதான் வாண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். திரும்பி வந்த அப்பா அவர்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

ரோபோ சுவர்ப் பக்கம் திரும்பி, கண்களைப் பொத்திக்கொண்டது.

"ஒண்ணு... ரெண்டு..."

அழுகை சட்டென்று நின்றது.

"விடும்மா," என்றாள் வாண்டு.

அம்மா விடவில்லை.