நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடம்

ஆர்னி நீமிக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "சனியனே." காபி வேண்டுமென்றாலும் அதுதான், பாதிரியார் வீட்டுக்கு வந்தாலும் அதுதான். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி அவர் பழைய ஆர்னிதான்.

அவருடைய மனைவி மார்லீஸ் அன்றிலிருந்து பிக்கப் வண்டியையும், அதன் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வீட்டையும் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வடக்கு மிச்சிகனில் கோடை சின்னது. அது கையில் இருக்கும்போது வீட்டுக்குள் கிடப்பவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆகவே பயணம் நிற்கவில்லை. ஆனால் டிரெய்லரை நிறுத்தித் தங்கும் முகாமைத் தேர்ந்தெடுப்பது மார்லீஸின் வேலையாகிவிட்டது. அவள் தேர்ந்தெடுத்ததெல்லாம் நெடுஞ்சாலை ஓரம், பெட்ரோல் பங்குக்குப் பின்புறம், சரளைக்கல் பரப்பிய பொட்டல். இரவெல்லாம் லாரிச் சத்தம்.

"கடை பக்கத்துல இருக்கு. துணி துவைக்க மெஷின் இருக்கு. அப்பாவுக்கு ஏதாவதுன்னா ஆஸ்பத்திரி கிட்ட" என்பாள் மகள்களிடம், யாரும் கேட்பதற்கு முன்பே.

இந்த மே மாதம் மூத்த மகள் ஜோலீன் பொறுமை இழந்தாள். பதினாறு வயது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"அம்மா, போன வருஷம் நாம தங்கினது கேம்ப் இல்ல. கார் நிறுத்துற இடம். அணில்கூட அங்க வராது."

"ஒரு அணில் வந்துச்சே" என்றாள் சின்னவள் பிரிட்டா. ஒன்பது வயது.

"அது செத்துப்போன அணில். நீ வாய மூடு."

ஜோலீன் ஓர் ஏரியோர முகாமைக் காட்டினாள். பைன் மரங்கள், மணற்கரை, தண்ணீரைப் பார்த்தபடி டிரெய்லர் நிறுத்த இடம். மார்லீஸ் மறுப்பதற்கு வாயைத் திறக்கும்போதே ஆர்னி இடது கையை நீட்டி அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தார். "சனியனே" என்றார், யாரோ நெடுநாள் நண்பனைக் கண்டதுபோல. அதோடு ஏரிக்கரைதான் என்று முடிவாயிற்று.

எல்லாரும் படுக்கப் போனதும் அவள் அந்த முகாமின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பயந்தது சரியாகப் போயிற்று. அவள் இதுவரை தேடிப் பிடித்த இடங்களிலெல்லாம் வண்டி ஒரு வாசலில் நேராக நுழைந்து மறு வாசலில் நேராக வெளியேறிவிடும். இங்கே ஓர் இடம்கூட அப்படி இல்லை. எல்லாவற்றிலும் டிரெய்லரைப் பின்னால் தள்ளித்தான் நிறுத்த வேண்டும்.

மார்லீஸுக்கு டிரெய்லரோடு பின்னால் போக வராது. ஒரு முறைகூட வந்ததில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் ஓடும்; அவளுக்கு மூளை கலங்கிவிடும். இதை வீட்டில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. அந்த மாவட்டத்திலேயே ஆர்னி போல டிரெய்லரைப் பின்னால் எடுக்க ஆளில்லை என்று பெயர். தான் ஓட்ட முடியாமல் போனதால்தான் குடும்பம் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள்.

ஒரு வார நாளில் யாருமில்லாத தேவாலய வளாகத்துக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டுபோய்ப் பழகிப் பார்த்தாள். குப்பைத் தொட்டியை நசுக்கியதுதான் மிச்சம்.

ஜூலையில் போய்ச் சேர்ந்தார்கள். ஏரி படத்தில் இருந்ததைவிட நீலமாக இருந்தது. அவர்களுடைய இடம் ஒரு வளைவில். ஒரு பக்கம் பெரிய பைன் மரம், மறுபக்கம் மின்கம்பம். மார்லீஸ் முதல் முறை பின்னால் எடுத்தபோது டிரெய்லர் மரத்தை நோக்கிப் போனது. இரண்டாவது முறை கம்பத்தை நோக்கி.

முகாமில் இதைவிட நல்ல வேடிக்கை கிடையாது. மடக்கு நாற்காலியில் இருந்தவர்கள் பீரோடு எழுந்து வந்தார்கள்.

"இடது பக்கம் ஒடிம்மா!"

"யோவ், வலது பக்கம்யா! அவங்கள ஏன் குழப்புற?"

"அம்மா, மரம்! மரம்!" என்று ஜோலீன் அலறினாள்.

தொப்பி போட்ட ஒருவர் ஜன்னலருகே வந்தார். "எறங்குங்கம்மா, நான் நிறுத்தித் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

மார்லீஸின் கண்ணில் நீர் முட்டியது. சாவியைக் கொடுத்துவிடத்தான் நினைத்தாள். அப்போது பக்கத்து இருக்கைக் கதவு திறந்தது. ஆர்னி கைத்தடியை ஊன்றி இறங்கினார். வண்டியைச் சுற்றி, காலை இழுத்து இழுத்து, பின்பக்கம் போய் நின்றார்.

"சனியனே!"

கத்திக்கொண்டிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். தொப்பிக்காரரும் ஒதுங்கினார்.

பழைய நாட்களில் பின்னால் நின்று கையாட்டியது மார்லீஸ்தான். அவள் தப்பும் தவறுமாகக் காட்ட, அவர் கத்த, சாப்பாடு வரை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இப்போது ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அவர் முழுதாகத் தெரிந்தார். கைத்தடியை மரத்தில் சாய்த்துவிட்டு, தானும் அதே மரத்தில் சாய்ந்து, இடது கையை வயிற்றுக்கு நேராக, காற்றில் ஒரு ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்திருப்பதுபோல வைத்துக் காட்டினார். கையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். டிரெய்லரைப் பார்த்துத் தலையை அதே பக்கம் சாய்த்தார்.

மார்லீஸ் ஸ்டியரிங்கின் மேலிருந்த கையை எடுத்து அடியில் வைத்தாள். கை போகிற பக்கமே டிரெய்லர் போகிறது! அவர் கை நகர்ந்தால் இவள் கை நகர்ந்தது. அவர் நிறுத்தினால் இவளும் நிறுத்தினாள். மரத்தைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, டிரெய்லர் பூனைபோலப் பின்னால் போய் அடங்கியது.

யாரோ கை தட்டினார்கள். மார்லீஸ் இஞ்சினை அணைத்தாள். இத்தனை நாள் தோளை இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. இறங்கி ஓடிப்போய் அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

மாலையில் பாஸ்டியை, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட எங்கள் பக்கத்துப் பலகாரத்தை, தணலில் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜோலீன் மெதுவாகக் கேட்டாள்.

"ரிவர்ஸ் வராததாலதான் அந்தப் பொட்டல்லயே தங்கினோமாம்மா?"

"ஆமா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லம்மா? நான் உனக்கு ரசனையே இல்லன்னு நெனச்சேன்."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

ஆர்னி தட்டை மடியில் வைத்தார். உள்ளங்கையைக் காற்றில் நேராக ஓட்டி, அப்படியே நேராக வெளியே கொண்டுபோனார். மீண்டும் ஒருமுறை செய்து காட்டினார். பிறகு மனைவியைச் சுட்டிக்காட்டி, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்பாவுக்கு மொதல்லேர்ந்தே தெரியும்!" என்று கத்தினாள் பிரிட்டா.

"அடப் பாவி மனுஷா" என்றாள் மார்லீஸ். "ரெண்டு வருஷமா அந்த லாரிச் சத்தத்துல தூங்கினியே, ஒரு தடவையாவது காட்டக் கூடாதா?"

அவர் பதிலுக்கு அவள் தட்டிலிருந்த பாஸ்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. மார்லீஸ் நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து, அவர்கள் எழுப்பும் கூச்சலைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள்.