எங்கேயும் கிடைக்கும் கோப்புகள்

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கணினித் திரையின் உச்சியில் நின்ற அந்த அறிவிப்பு மஞ்சளாக இருந்தது என்று ஒருமுறை கேள்விப்பட்டேன். இன்னொருமுறை கேட்டபோது சிவப்பு. இரண்டு தடவையும் சொன்னது ஒரே ஆள்தான். தானாகவே மாற்றிச் சொன்னான். அதனால் நிறத்தை விட்டுவிடுகிறேன். அறிவிப்பு இருந்தது, நெடுங்காலம் இருந்தது, அதை யாரும் தொடாமல் இருந்தார்கள். அவ்வளவு உறுதி.

சொன்னவனை அலுவலகத்தில் ‘இலவசம்’ என்று கூப்பிடுவார்கள். அலுவலகம் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு மேசை, ஒரு ஜன்னல்; ஜன்னலைத் திறந்தால் கீழே பேருந்துக்கு நிற்பவர்களின் குடும்பச் சண்டையெல்லாம் உள்ளே வந்துவிடும். அவனும் ஒரு கூட்டாளியும் அங்கே உட்கார்ந்து கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் செய்து கொடுத்தார்கள். யார் படியேறி வந்தாலும் அவன் முதலில் சொல்வது ஒன்றுதான்: தளத்தை நடத்தும் மென்பொருளுக்கு விலையே கிடையாது, இலவசம். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதியது, ஒளிவுமறைவு இல்லை, யாரும் பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், கட்டுரை போடவும் படம் போடவும் கணினிப் படிப்பு வேண்டாம், நாளைக்கு எங்களோடு மனஸ்தாபம் வந்தால் தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஆளிடம் போகலாம் என்று மூச்சுவிடாமல் விளக்குவான்.

கூட்டாளிக்கு இதில் பாதி நம்பிக்கைதான்.

“எல்லாம் சரிப்பா. ஒரு நாள் தளம் படுத்துக்கிச்சுன்னா யார் சட்டையப் பிடிப்ப?”

“இணையத்துல அவங்க மன்றம் இருக்கு, அதுல எழுதிக் கேப்பேன். யாராவது பதில் சொல்வாங்க.”

“அந்த யாராவதுக்குச் சட்டை இருக்கா?”

இது அவர்களுக்குள் வழக்கமான விளையாட்டு. அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பான்.

அவனுடைய அக்காவின் கணவர் கல் பலகை இழைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அவர் அவனுக்கு மாமா. இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இழைத்தால் தூசி பறக்காது; ஆனால் வேலை மெதுவாகும், தரை சேறாகும். ஆலையில் காய்ந்த கல்லையே இழைக்கச் சொன்னார்கள். வீடு திரும்பும்போது மாமாவின் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். ‘கல்யாணம் பண்ணும்போது கறுப்பாத்தான் இருந்தார், நான்தான் வெளுத்துத் துவைச்சு வச்சிருக்கேன்’ என்று அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. பிறகு இருமல் வந்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கும் வந்தது. புகைபிடிப்பதால் வந்த நோய் என்று ஆலை சொன்னது. மாமா வாழ்நாளில் புகைபிடித்ததில்லை.

வக்கீலம்மா ஒருவர் இவர்களுக்காக அலைந்து, ஒரு விசாரணைக் குழு அமைய வைத்தார். ஒவ்வொரு தொழிலாளியும் வேலை எப்படி நடந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். குழு கூடும்வரை எத்தனை பேர் இருப்பார்கள், இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பேச மூச்சு இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் இப்போதே பேசிப் பதிவு செய்து ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்றார். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

அவன் செய்த தளத்தில் ஆளுக்கு ஒரு படம், படத்தின் கீழே ஒரு பொத்தான். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும், குரல் நேராகத் தளத்துக்குப் போய்ச் சேரும். கைபேசியில் எதுவும் தங்காது. அவர்கள் வைத்திருந்த பழைய கைபேசிகளில் இடமும் இல்லை.

ஆனால் அந்த மென்பொருளுக்கு எழுத்தும் படமும்தான் தெரியும், குரல் வாங்கத் தெரியாது. அதற்கென்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்த, மென்பொருளோடு ஒட்டவைக்கும் பிளகின் என்ற துணைநிரல் ஒன்று இருந்தது. எழுதியவர் அதை மறந்து பல காலம் ஆகியிருந்தது. பழைய கைபேசிகளில் அது அசையவே இல்லை. அவன் பொறுமையிழந்து மென்பொருளின் மையக் கோப்பையே திறந்தான். முதல் வரியிலேயே எழுதியிருந்தது: இதில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் நீங்கள் செய்த மாற்றங்கள் அழிந்துபோகும். சுவரில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருப்பதைப் படித்தவன்போல் அதைப் படித்துவிட்டுக் கீழே போனான். மாற்றி எழுதினான். குரல்களைச் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தது; மையக் கோப்புகள் இருந்த கோப்புறைக்குள்ளேயே வைத்தபோது உடனே வேலை செய்தது. பிறகு முறையாக ஒரு பிளகின் எழுதி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தான். நிஜமாகவே நினைத்தான்.

முதலில் மாமாவைத்தான் பேச வைத்தான். அக்கா வீட்டுக் கூடத்தில், கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, மாமா கைபேசியைக் கண்ணாடிபோல் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“மாப்ள, நான் பேசினா இது திருப்பிப் பேசுமா?”

“பேசாது மாமா. கேட்டுக்கும், அவ்வளவுதான்.”

“அப்ப உங்கக்காவுக்கு இது எவ்வளவோ தேவல.”

சமையலறையிலிருந்து அக்கா ஏதோ சொன்னாள். மாமா சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் அடங்கியதும் காய்ந்த கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்லாம் பதிவாகிவிட்டது. கேலியையும் இருமலையும் வெட்டிவிடலாமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டதற்கு, இருமல்தான் சாட்சி, ஒரு துளியும் வெட்டக் கூடாது என்றுவிட்டார்.

மற்றவர்களும் பேசினார்கள். சிலர் ஒரே மூச்சில் முடித்தார்கள், சிலர் வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று நின்று பேசினார்கள். ஒருவர் எதுவும் சொல்லாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார். அதையும் வைத்துக்கொண்டார்கள். படம் போடுவது, பெயர் திருத்துவது எல்லாம் அக்கா கற்றுக்கொண்டாள். தளத்துக்குள் எல்லாம் செய்யும் அதிகாரத்தைத் தம்பி அவளுக்குக் கொடுத்திருந்தான். சுலபமாகத்தான் இருந்தது. அந்த மென்பொருளை அதற்காகவேதான் அவன் ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தான்.

அறிவிப்பு அதற்குப் பிறகு வந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்டேட் செய்யவும். அக்கா கேட்டாள். அப்புறம் பாத்துக்கலாம்க்கா என்றான். அடுத்த பதிப்பு வந்தது, மறுபடி கேட்டாள், மறுபடி அதே பதில். ஏன் இப்போது கூடாது என்று மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்வதானால் மையக் கோப்பில் கை வைத்ததைச் சொல்ல வேண்டும். அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று இருந்துவிட்டான். கூட்டாளிக்குத் தெரியும். அவன் பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தான்: தனியாப் பிரிச்சு எழுதிடு, முதல்ல அந்தக் குரலையெல்லாம் வெளியே எடுத்து வை. இந்த வாரம், இந்த வாரம் என்று இவன் தள்ளிக்கொண்டே போனான். வாடிக்கையாளர்கள் வந்தபடி இருந்தார்கள். எப்படியும் தினமும் நகல் எடுக்க இன்னொரு பிளகின் போட்டு வைத்திருந்தான். அது ஓடுகிறதா என்று பார்த்தான், ஓடியது. அதற்குமேல் பார்க்கவில்லை.

இதற்கிடையில் மாமா இறந்துபோனார். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அக்கா மதிய நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு தளத்தைத் திறப்பாள். உங்கக்காவுக்கு இது எவ்வளவோ தேவல. அதுவரை கேட்பாள், இருமல் தொடங்கும் முன் நிறுத்திவிடுவாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தளத்தின் வருகைக் கணக்கைப் பார்த்து அவனுக்குத் தெரிந்தது. அவனும் சொல்லவில்லை.

விசாரணை நெருங்கியது. வக்கீலம்மா பேச்சுகளின் சுருக்கத்தை எழுதி வைத்திருந்தார். குரல்களைக் குழுவின் முன்னால் தளத்திலிருந்தே போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில் ஒரு காலையில் அறிவிப்பின் வாசகம் மாறியிருந்தது. பழைய பதிப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, வெளியாட்கள் உள்ளே புகுந்து எதையும் அழிக்க முடியும், உடனே அப்டேட் செய்யவும். வெளியாட்கள் என்றதும் அக்காவுக்கு ஆலைதான் நினைவுக்கு வந்தது. தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ஒரு துணிக்கடைக்காரரிடம் இலவசத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஓடியது. வெற்றிகரமாக முடிந்தது என்று வந்தது. பக்கங்கள் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தன, படங்கள் இருந்தன, பெயர்கள் இருந்தன. பொத்தான்கள்கூட அந்தந்த இடத்தில் இருந்தன. சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது, ஒண்ணுமில்லடா, நானே பாத்துட்டேன் என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவன் என்ன என்று கேட்கவில்லை. அவசரத்தில் இருந்தான். மறுநாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்ததால் மதியம் அவள் தளத்தைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

வக்கீலம்மா ஒத்திகை பார்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்தம் இல்லை.

அப்டேட் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. பழைய மையக் கோப்புறையை அடியோடு நீக்கிவிட்டுப் புதியதை வைத்திருந்தது. உள்ளே கிடந்த குரல்கள் அதோடு போயின. அவன் நகலைத் திறந்தான். எழுத்தெல்லாம் இருந்தது, படமெல்லாம் இருந்தது. நகல் எடுக்கும் பிளகின் மையக் கோப்புறையை மட்டும் விட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டிருந்தது, முதல் நாளிலிருந்தே. காரணம் அதன் விளக்கப் பக்கத்தில் தெளிவாக இருந்தது: அந்தக் கோப்புகள் எங்கேயும் கிடைக்கும், இலவசமாகக் கிடைக்கும், சேமிப்பது வீண். தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம் முந்தைய நாளின் நகலை மட்டும் வைத்திருந்தது. அந்த முந்தைய நாளும் கடந்துபோயிருந்தது.

மன்றத்தில் எழுதினான். பதில் வராமல் இல்லை. ஒருவர் மையக் கோப்பைத் தொடாதே என்று முதல் வரியிலேயே இருக்கிறதே என்றார். இன்னொருவர், எந்தத் தேசத்துக்காரரோ, தன் வேலையைப் போட்டுவிட்டு ஒரு முழுப் பகலும் அவனோடு உட்கார்ந்து தேடினார். கிடைக்கவில்லை என்று ஆனதும், அந்தக் குரல்கள் யாருடையவை என்று கேட்டார். அவன் எழுதினான். பதிலுக்கு, வருந்துகிறேன் என்று மட்டும் வந்தது. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? யார் மேலும் கோபப்பட வழி இல்லை. கூட்டாளி சட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தேநீர் வாங்கி வந்து மேசையில் வைத்தான்; அது ஆறி ஆடை படிந்து கிடந்தது.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். போனான். கூடத்துக் கட்டிலில் அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான். குரல்கள் இனிக் கிடைக்காது என்று சொன்னான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் மாடியிலிருந்து கேட்டது. யாரும் எழுந்து நிறுத்தவில்லை.

“அக்கா, நீ அமுக்கினது தப்பே இல்ல. எல்லாரும் அமுக்க வேண்டியதுதான் அது. வைக்கக் கூடாத இடத்துல நான்தான் வச்சேன்.”

அவள் தலை நிமிரவில்லை.

“சின்ன வயசுல நான் அப்பாவோட கடிகாரத்த உடைச்சப்பவும் நீ இப்படித்தான் வந்து நின்ன. நான்தான் உடைச்சேன்னு சொல்லி அடி வாங்கின.”

“இது அது இல்லக்கா. இது நிஜமா நான்தான்.”

“அப்பவும் நிஜமான்னுதான்டா சொன்ன.”

அவன் மடிக்கணினியைத் திறந்து அவளிடம் காட்டினான். மையக் கோப்பைத் திறந்து முதல் வரியில் விரல் வைத்தான், பாரு, தொடாதேன்னு இங்கேயே போட்டிருக்கு, படிச்சிட்டுத்தான் தொட்டேன் என்றான். அவள் பார்த்தாள். வரிவரியாக ஓடியது திரை. எவரும் பிரித்துப் பார்க்கலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்! அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு மடிக்கணினியின் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

“எனக்கு இதுல என்ன தெரியும்? நீ காட்டினா நான் நம்பணும். நல்லா இருக்கணும்டா நீ. என் கையாலதான் அவர் போனாரு, ரெண்டாவது தடவ.”

அதற்குப் பிறகும் அவன் பலமுறை சொன்னான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தம்பி தன்மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

விசாரணைக் குழு, குரல் இல்லாத சுருக்கங்களை ஏற்க முடியாது என்றது. மறுபடி பேச வந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களாலும் அதிகம் பேச முடியவில்லை. நோய்க்கும் தூசிக்கும் தொடர்பு இருப்பதாகப் போதிய சாட்சியம் இல்லை என்று எழுதிவிட்டுக் குழு கலைந்தது. ஆலையில் இன்றும் காய்ந்த கல்லைத்தான் இழைக்கிறார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. மூச்சு மட்டும் விட்டவர் எல்லோருக்கும் முன்னால் போனார். வக்கீலம்மா மேல்முறையீடு செய்து அதிலும் தோற்று, வேறு வழக்குகளுக்குப் போய்விட்டார். கூட்டாளி மென்பொருளை விலைக்கு விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான்; அங்கே தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்வதுதான் அவன் வேலை. தம்பி அதே அறையில் தனியாக, அதே மென்பொருளில் தளங்கள் செய்கிறான். அப்டேட் வந்த அன்றே செய்துவிடுகிறான். இலவசம் என்று சொல்வதை விட்டுவிட்டான், கேட்டால் தலையாட்டுகிறான். அக்கா அதே வீட்டில் இருக்கிறாள். மின்தூக்கியில் ஏறினால் வேறு யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை ஓரமாக நிற்கிறாள்.