தேய்ந்த ரப்பர்

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தம்பி ஒரு மடக்குத் தடி வாங்கி வந்தான். முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டேன், வில்லாய் வளைந்தது.

“வீட்டுக்குள்ள நடக்க இது போதும்க்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே கடைக்குப் போய்க் கெட்டியான மரத்தடி எடுத்து, செருப்போடு நின்று, மணிக்கட்டு உயரத்துக்கு அறுக்கவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி என் ராஜினாமாக் கடிதத்தை அவனே எழுதிக்கொண்டு வந்தான். “தபால்காரி வேலையெல்லாம் இனி உன்னால முடியாது. கையெழுத்துப் போடு.”

தடியைத் திருப்பிக் காட்டினேன். அடி ரப்பர் தேய்ந்து மரம் தெரிந்தது.

“வீட்டுத் தரையில இவ்வளவா தேயும்?”

“வீட்லயா? தினமும் என் பதினாலு தெருவையும் சுத்துறேன், வெறும் பையோட.”

கடிதத்தின் பின்பக்கத்தில் தடியின் நுனியை வைத்து வட்டம் வரைந்து நீட்டினேன்.

“இந்த அளவுல ரெண்டு ரப்பர் வாங்கிட்டு வா. திங்கக்கிழமை டியூட்டி.”